ஐஸ் பையில் ஓர் அடிவானம்

மே 4, திங்கள்

எழுந்ததும் முதல் வேலை, டேப்லெட்டைச் சார்ஜரிலிருந்து கழற்றியது. பல் விளக்கும் முன்னாலேயே. ஃப்ரீஸரிலிருந்து ஜெல் பொட்டலம் இரண்டு. மேலே பழைய துண்டு, அதன் மேல் டேப்லெட், மறுபடி துண்டு. எல்லாம் ஒரு பைக்குள். மகன் பள்ளிக்கூடத்துக்குத் தயிர்சாதம் கொண்டுபோன பை அது. அவன் கோவையில் ஹாஸ்டலுக்குப் போனபின் பை அவன் அப்பச்சிக்கு, என் வீட்டுக்காரருக்கு, வந்துவிட்டது.

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். விடியும் முன்பே வாசல் சிமெண்ட் சுடுகிறது. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை.

அவர் இருட்டோடு விமானப் பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பினார், பாடம் எடுக்க. வெயில் ஏறுவதற்குள் மாணவர்களை மேலே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் ஓடுதளத்தில் கானல் ஓடும் என்பார்.

டேப்லெட்டுக்கு இவ்வளவு உபசாரம் ஏன் என்று எதிர் வீட்டு அம்மாள் நேற்றுக் கேட்டாள். சொன்னால் புரியுமா தெரியவில்லை. பயிற்சி விமானத்தின் சொந்த மீட்டர்கள் முன்பலகையில் வட்டம் வட்டமாக இருக்கும். அவற்றில் ஒன்று நின்றுபோனால் உதவிக்கு இது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் கறுப்புப் பெட்டி ஒன்று, சோப்பு டப்பா அளவு. விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு உயரம், தரைக்கு மேல் என்ன வேகம், எல்லாவற்றையும் அது கணித்து டேப்லெட்டுக்கு அனுப்பும். திரையில் மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் அடிவானம். மேகத்துக்குள் போனாலும் அது மட்டும் தெரியும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள் நான். இதை அவருக்கு வாங்கிக் கொடுக்க யோசனை சொன்னதே நான்தான். கூடவே இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்று.

வெயிலில் சூடானால் திரை தானாக அணைந்துவிடும். அதனால்தான் ஐஸ்.

நேற்று சாயங்காலம் எண்களை இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

"இதுக்கு மேல பெருசாக்குனா நாலு எண்ணுதான் தெரியும். மத்ததெல்லாம் மறைஞ்சிரும்."

"நாலு போதும்."

"கண்ணாடிய மாத்துங்களேன்."

"போன மாசம்தான மாத்துனேன்? கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. மீட்டரெல்லாம் இடது பக்கம், பய உக்காந்துருக்கிற பக்கம். நான் வலது சீட்டு. சாய்ச்சுப் பாத்தா எவனுக்கும் தெரியாது."

சரிதான் என்று பெரிதாக்கிக் கொடுத்தேன். இப்போது திரையில் நான்கு எண்கள், அடிவானம். வேறெதுவும் இல்லை.

வாங்க: உளுந்து, கற்பூரம், இன்வர்ட்டருக்குத் தண்ணீர். ஜெல் பொட்டலம் இன்னும் இரண்டு.

மே 5, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. மாடித் தொட்டியில் கால்வாசி.

காலையில் ஒரு கூத்து. இன்று பறக்கும் வேலை இல்லை, அவர் வீட்டில். பின்கட்டு நடையில் போன மாதம் ஆத்தங்குடிக் கல் மாற்றிப் பதித்தோம். ஓரத்தில் கறுப்புப் பட்டை, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை. காபியோடு அங்கே நின்றவர் கூப்பிட்டார்.

"இங்குட்டு வா. இந்தக் கோட்டப் பாரு. நடுவுல வளையுது."

எனக்கு வளைவாகத் தெரியவில்லை. சொல்வதற்குள் மேஸ்திரிக்கு போன் போட்டுவிட்டார், ஸ்பீக்கரில்.

"என்னய்யா கோடு போட்டுருக்க? பாம்பு மாதிரி போகுது!"

"கேப்டன் சார், நூல் புடிச்சு ஒட்டுனது சார். பாம்பெல்லாம் கெடையாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஐயோ, அப்புடிச் சொல்லுவேனா. அடிக்கிற வெயிலுக்குக் கல்லு வளையாது சார், மனுசன்தான் வளைவான். ஆச்சி இருக்காகளா? ஆச்சிகிட்டக் குடுங்க."

இவர் என்னிடம் தராமலே போனை வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு. அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறு பக்கம்.

அவர் குளிக்கப் போனபின் தையல் மிஷினிலிருந்து நூல் எடுத்து, ஒரு முனையைக் கதவு நிலையில் கட்டி, மறு முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தேன். நூலும் கறுப்புக் கோடும் ஒன்றின் மேல் ஒன்று. கடைசி வரை.

நூலைச் சுருட்டி வைத்துவிட்டேன். குறை கண்டுபிடிப்பது அவருக்கு வழக்கம்தானே. ஹோட்டலுக்குப் போனால் தட்டைத் திருப்பிப் பார்க்கிறவர்.

ஆனாலும் 'நடுவுல' என்றார். கோட்டின் நடுவிலா? அவர் பார்க்கிற இடத்தின் நடுவிலா?

மகன் போன். "அப்பச்சி எப்புடி இருக்காக?" நல்லா இருக்காக. மாம்பழம் அனுப்பச் சொன்னான்.

மே 7, வியாழன்

நேற்று எழுதவில்லை. தலைவலி. விடுமுறை வந்தால் எனக்கு வரும் தலைவலி.

இன்று அவர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். கார் கதவை அறைந்து சாத்தும் சத்தம். மோர் கொடுத்தேன். பாதி குடித்தார்.

"ஹார்ட் லேண்டிங். முன்சக்கரம் பாக்கணும். வண்டி ரெண்டு நாளு ஷெட்ல."

"யாரு பறந்தது?"

"உன் ஸ்டூடண்டுதான். அந்த ஃபர்ஹானா."

ஃபர்ஹானாவுக்குப் பதினோராம் வகுப்பும் பன்னிரண்டும் நான் எடுத்தேன். முதல் பெஞ்ச். அப்பாவை வாத்தா என்பாள், அவர் ஷார்ஜாவில். ஒரே பெண்ணைப் பைலட் ஆக்குகிறேன் என்று பிடிவாதமாகச் சேர்த்துவிட்டவர். சேர்ந்த அன்று வட்டலப்பம் என்ற முட்டை இனிப்போடு வீட்டுக்கு வந்தாள்.

"அடி ஏதும் பட்டுச்சா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. பத்தடி உயரத்துல இருந்து தொப்புன்னு விட்டா. கவனம் இல்ல. அவ ரெக்கார்டுல எழுதிப் போட்டாச்சு. இந்த வாரம் பறக்கக் கூடாது."

"நல்லாப் பறக்குறவன்னு சொன்னீகளே."

"நல்லாப் பறக்குறவதான் விடுவா. பயப்படுறவ விடமாட்டா."

சட்டையைக் கழற்றினார். முதுகு முழுக்க ஈரம். ஏசி போடச் சொன்னார். உள்ளே போகும்போது, வேறு யாரிடமோ சொல்வது போல: "டேப்லெட் வேற அந்த நேரம் பாத்து அணைஞ்சு தொலஞ்சுச்சு."

முன்னால் மோர் டம்ளரை வாங்கும்போது என் விரலைத்தான் முதலில் பிடித்தார், டம்ளரை அல்ல.

ராத்திரிக்கு உப்புமா.

மே 8, வெள்ளி

சொல்ல வந்ததை முதலில் எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்கு ஃபர்ஹானா வந்தாள். அவர் விமானத்தில் விட்டுவந்த ஐஸ் பையை எடுத்துக்கொண்டு. துண்டைத் துவைத்து மடித்து உள்ளே வைத்திருந்தாள். அவர் வீட்டில் இல்லை, பள்ளியில் தலைமைப் பயிற்சியாளரோடு ஏதோ கூட்டம். அது தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

உட்கார மாட்டேன் என்றாள். பிறகு உட்கார்ந்தாள். எலுமிச்சை ஜூஸ். குடிக்கவில்லை.

"டீச்சர், சார் ரொம்பக் கோவமா இருக்காகளா?"

"கோவமில்லம்மா. என்ன நடந்துச்சு?"

"என் தப்புதான் டீச்சர். நான் வாசிக்கிறத நிறுத்திட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

இறங்குவதை அன்று செய்துகாட்டியது இவர். விமானம் இவர் கையில். பார்த்துக்கொள், தொடாதே என்று சொல்லியிருக்கிறார். ஓடுதளம் எதிரே வரும்போது டேப்லெட் அணைந்துவிட்டது. உடனே இவர், "ஸ்பீடு எம்புட்டு? வாசி" என்றாராம். அவள் மீட்டரைப் பார்த்து வாசித்திருக்கிறாள். அறுபத்தைந்து, அறுபத்தைந்து, அறுபத்திரண்டு.

"சார்கூடப் பறந்தா எப்பவும் வாசிக்கணும் டீச்சர். அது சாரோட ஸ்டைலு. வேகம், உயரம் எல்லாம் சத்தமா. பசங்க எங்களை நியூஸ் ரீடர்னு கூப்புடுவாங்ய. 'வணக்கம், செய்திகள், உயரம் ஆயிரம் அடி'ன்னு."

சிரித்தாள். உடனே நிறுத்திவிட்டாள்.

"அம்பத்தெட்டு வரைக்கும் வாசிச்சேன். அப்பறம் ஓடுதளம் ரொம்பக் கிட்ட வந்துருச்சு. இனிமே சார் பாத்துக்குவாக, நான் கத்துனா தொந்தரவுன்னு நிறுத்திட்டேன். வேகம் விழுந்துக்கிட்டே இருந்துருக்கு. சார் ஏன்னு தெரியல, கண்ட்ரோலப் பின்னாடி இழுத்துக்கிட்டே இருந்தாக. தொப்புன்னு."

"அப்ப ஃப்ளைட் உன் கையில இல்ல."

"இல்ல டீச்சர். ஆனா சார் என்னைய டெஸ்ட் பண்ணுனாகல்ல? கடைசி வரைக்கும் வாசிக்கிறேனான்னு. அதுல ஃபெயிலாயிட்டேன். அதான் எழுதிட்டாக."

கேட்டேன்: டேப்லெட் அணையாமல் இருந்திருந்தால் அதையே பார்த்து இறக்கலாமா?

"அதுல வர்றது தரை வேகம் டீச்சர். காத்தோட வேகம் அதுக்குத் தெரியாது. பின்னாடி காத்தடிச்சா அறுபத்தஞ்சுன்னு காட்டும், உண்மையில றெக்கைக்கு அம்பதுதான் இருக்கும். பேக்கப்புக்கு மட்டும்தான் அது, நம்பி இறக்கக் கூடாது. சார்தான் பாடம் எடுத்தாக."

போகும்போது வாசலில் நின்று, "வாத்தாகிட்ட இன்னும் சொல்லல" என்றாள்.

அவள் ஸ்கூட்டர் செக்காலை ரோட்டுப் பக்கம் திரும்பும் வரை நின்றேன். உள்ளே வந்து பின்கட்டுக்குப் போனேன். கறுப்புக் கோடு. நூல் பிடித்தாற்போல.

அது ஸ்டைல் இல்லை. அவரால் வாசிக்க முடியவில்லை.

எழுதிவிட்டேன். எழுதியபின் மறுபடி வாசிக்கவில்லை.

மே 10, ஞாயிறு

கண்டனூரில் கல்யாணம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு, இன்று எல்லாக் கதவும் திறந்து, மின்விசிறிகளைக் கம்பத்தில் கட்டி. வௌவால் வாடை போகப் பன்னீர் அடித்திருந்தார்கள். கவுனி அரிசி நன்றாக இருந்தது. பால் பணியாரம் தித்திப்பு அதிகம்.

வளவு முற்றத்தில் அவருடைய பெரியப்பா மகன் எதிரே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். இவர் பார்த்துக்கொண்டே கடந்துபோனார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு ஆச்சி" என்றார் அந்த அண்ணன். எல்லாருக்கும் கேட்கும்படி. "கேப்டனுக்கு ஆகாசத்துல இருந்து பாத்தாத்தான் ஆளு தெரியும். நாம மொட்ட மாடியில ஏறி நிப்போம்."

பந்தியே சிரித்தது. இவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. "அட நீங்களா, மெலிஞ்சு போயிட்டீக, அடையாளம் தெரியல" என்றார். அந்த அண்ணன் மெலியவில்லை.

மொய் எழுதும் இடத்தில் கவரை என்னிடம் நீட்டினார், எழுதச் சொல்லி. முன்பெல்லாம் அவர் கையெழுத்துத்தான்.

மதியம் வீடு. மூன்று மணிக்குப் பின்கட்டில் பாயை விரித்துப் படுக்கப் போனவரை நிறுத்தினேன். திட்டமிடவில்லை. வாயில் வந்துவிட்டது.

"வலது கண்ண மூடிக்கிட்டு அந்தக் கோட்டப் பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்க."

மூடினார். கொஞ்ச நேரம். பிறகு, "வளையுது. நடுவுல சாம்பல் மாதிரி."

"இப்ப இடது."

மூடவில்லை. என்னைப் பார்த்தார். என் முகத்துக்குச் சற்று வெளியே பார்த்தார் என்பதுதான் சரி. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பார்க்கிறார். நான் அதை வேறு ஏதோ கோபம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நூல் புடிச்சுப் பாத்தேன்."

பாயில் உட்கார்ந்தார். மதுரையில் காட்டியிருக்கிறார், என்னிடம் சொல்லாமல். பங்குனியில், பேங்க் வேலை என்று போய்வந்தாரே, அன்று. விழித்திரைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதாம். இடது கண்ணில் நிறைய, வலதில் ஆரம்பம். கட்டம் கட்டமாகப் போட்ட தாளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்களாம். கோடெல்லாம் நெளிந்ததாம். சில பேருக்குத் தானாக வற்றும், சில பேருக்கு வற்றாது, ஓய்வு எடுங்கள், விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம்.

"டாக்டரே சொல்லியுமா?"

"லைசென்ஸுக்கு மெடிக்கல் டெஸ்ட் ஆகஸ்ட்லதான். அதுக்குள்ள வத்திரும்."

"அதுவரைக்கும் லீவு போடுங்க."

"ஏன் லீவுன்னு கேப்பாங்ய. சொன்னா அன்னைக்கே லைசென்ஸ் போச்சு. வத்துனாலும் திரும்பக் குடுக்க மாட்டாங்ய. அம்பத்திரண்டு வயசுக்காரனுக்கு எவன் குடுப்பான்?"

"கூட ஒரு புள்ள உக்காந்துருக்கே."

"டேப்லெட் இருக்கு உமா. பெருசாத் தெரியுது. அன்னைக்கு மட்டும் அணையாம இருந்துருந்தா…"

"அது தரை வேகம்."

நிமிர்ந்தார். "உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான் பாடம் எடுத்தீகளாமே."

வெளியே ஐஸ்வண்டி மணி. அது தெரு முனை தாண்டியது.

பிறகு சொன்னார், கோபமில்லாமல்: "பறக்கலைன்னா காலையில எந்திரிச்சு நான் என்ன செய்யணும்? நீயே சொல்லு."

அவர் வேலையிலிருந்து வந்து பேசுகிற பேச்செல்லாம் மேலே பார்த்ததுதான். கண்மாய் நிறைந்ததா, எந்த ஊர்க் கோபுரத்துக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள், பூட்டிய வீட்டு முற்றத்தில் ஆலங்கன்று எவ்வளவு உயரம். இந்த ஊரை நான் பாதி அவர் வாய்வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேல்ல?"

"காபி போடுறேன்" என்று எழுந்து போனேன்.

மே 11, திங்கள்

கூரியர். இரண்டாவது டேப்லெட். ஞாயிறு பேச்சுக்கு முன்பே ஆர்டர் போட்டிருக்கிறார்.

அவர் கணக்கு இது: ஒன்று விமானத்தில், ஒன்று ஐஸ் பையில். முதலாவது சூடாகும் முன்னாலேயே மாற்றிவிடுவது. "ரெண்டு இருந்தா பயமில்ல." சின்னப்பிள்ளை சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் கேட்பது போலக் கேட்கிறார்.

நானும் செய்து கொடுத்தேன். ஆப்பை இறக்கினேன். கறுப்புப் பெட்டியோடு இணைத்தேன். சாப்பாட்டு மேசையில் பெட்டியைச் சாய்த்தால் திரையில் அடிவானம் சாய்ந்தது. நிமிர்த்தினால் நிமிர்ந்தது. எண்களைப் பெரிதாக்கினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும்" என்றார். "இன்னும்." "ஆங், போதும்." அந்த முகத்தில் நிம்மதி. நல்ல வேளை என்றுகூட ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அதுதான் பயமாக இருக்கிறது.

உதவிக்கு வாங்கிய சாமான். விமானத்தின் மீட்டருக்குப் பதில் என்று நினைத்து வாங்கினேன். அவர் கண்ணுக்குப் பதிலாக அதை மாட்டிவிட்டோம். அதற்கும் ஒரு உதவி, ஃபர்ஹானாவின் குரல்.

சாயங்காலம் அவளே போன்.

"டீச்சர், சார்கிட்ட நீங்க பேசுனீகளா? புதன்கிழமை என்னைய மறுபடி பறக்க வச்சு செக் எடுக்குறாகளாம்! கரெக்டாப் பண்ணுனா அந்த ரிமார்க்க எடுத்துருவாகளாம்."

"யாரு எடுக்குறது?"

"சார்தான். முதல் ஃப்ளைட்டு. இந்தத் தடவ நிறுத்த மாட்டேன் டீச்சர். சக்கரம் தரையில படுற வரைக்கும் வாசிப்பேன். வீட்டுல கண்ணாடி முன்னாடி உக்காந்து வாசிச்சுப் பழகுறேன், உம்மா பைத்தியம் புடிச்சுருச்சாங்குறாக."

நல்லது என்றேன். வேறென்ன சொல்ல. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. இவர் கூடத்தில் உட்கார்ந்து புதுத் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் போய் வந்தது. உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

மே 12, செவ்வாய்

அனல். பறவைகள் தொட்டித் தண்ணீருக்குச் சண்டை.

மத்தியானம், அவர் மறந்துவிட்டுப்போன சார்ஜரைக் கொடுக்கும் சாக்கில் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போனேன். சாக்குதான். கானாடுகாத்தான் பக்கம் வரை ஆட்டோக்காரர் பேசிக்கொண்டே வந்தார். எதுவும் காதில் விழவில்லை.

இவர் வகுப்பில். ஷெட்டில் அந்த விமானம், முன்சக்கரம் சரிபார்த்து முடித்து. மெக்கானிக் பாண்டிக்கு என்னைத் தெரியும்.

"வாங்க ஆச்சி. என்ன, வெயில்ல?"

"உள்ள உக்காந்து பாக்கலாமா பாண்டி? ஒரு தடவகூட ஏறுனதில்ல."

"தாராளமா. வீட்டுக்காரவுக சீட்டுலயே உக்காருங்க. தலைய மட்டும் குனிங்க, றெக்கை இடிக்கும்."

வலது சீட்டு. சின்ன இடம், கார் முன்சீட்டைவிடக் குறுகல். வியர்வையும் பெட்ரோலும் கலந்த வாடை. டேப்லெட் மாட்டும் கொக்கி என் கண்ணுக்கு நேரே. இடது பக்கம் வட்ட மீட்டர்கள்.

"கேப்டனுக்கு டேப்லெட்டு இருந்தாப் போதும் ஆச்சி. எங்க மீட்டரெல்லாம் கொலுப் பொம்மைதான். தொடைச்சு வைக்கிறதோட சரி."

சிரித்தேன். என் கண்ணாடியைக் கழற்றினேன். வயது நாற்பத்தாறு, கண்ணாடி இல்லாமல் எனக்குப் புத்தகம் வாசிக்க வராது. அப்படியே இடது பக்க மீட்டரைப் பார்த்தேன்.

சாய்வாகத்தான் தெரிந்தது. ஆனால் தெரிந்தது. முள்ளும் எண்ணும், அறுபது எங்கே, ஐம்பது எங்கே என்பதும். பச்சைப் பட்டை எங்கே முடிகிறது என்பதுகூட. சீட்டு இடது, வலது என்பதில் ஒன்றும் இல்லை.

முன் கண்ணாடி வழியே ஓடுதளம். இரண்டு ஓரமும் நேராகப் போய்த் தூரத்தில் சேர்கின்றன. அவருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். கறுப்புக் கோடு மாதிரி நடுவில் நெளிந்தா? நெளிகிற ஒன்றின் மேல் தினமும் இறங்கிக்கொண்டிருக்கிறாரா? எவ்வளவு பயந்திருப்பார், தினமும், தனியாக.

இறங்கும்போது இடது சீட்டின் பெல்ட்டில் ஒரு சின்னப் பொருள் கண்ணில் பட்டது. கறுப்பாய் ஒரு ஊசி. ஃபர்ஹானாவின் முக்காட்டுப் பின். எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தேன்.

"நாளைக்கு செக்க வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லுங்களேன்."

"ஏன்? அவ நல்லாப் பண்ணிருவா. வாசிக்கிறதுல கெட்டி."

அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் பறக்கலாமே என்றேன்.

"வாத்தியாருக்குக் கண்ணு தெரியலன்னு ஸ்டூடண்டுகிட்டச் சொல்லணுமா? அவ என்னைய நம்பித்தான் ஏறுறா."

அதைத்தான் நானும் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. கத்தரிக்காய்த் துண்டைத் தட்டில் தேடிக்கொண்டிருந்தார். எடுத்து வைத்தேன்.

"நாளைக்கு ரெண்டு டேப்லெட்டும் பையில வச்சிரு."

"ம்."

இப்போது விளக்கு வைத்தாயிற்று. அவர் கூடத்தில் செய்தி கேட்கிறார், டீவியைப் பார்க்காமல். இத்தனை நாளும், கேட்பதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நாளை விடியற்காலை அவர் காரை எடுக்கும்போது நானும் ஏறி உட்காருவேன். எதற்கு என்பார். பயிற்சிப் பள்ளி கேட் வரும் வரை பதில் சொல்ல மாட்டேன். அவ்வளவு தூரம் அவருக்கு இருக்கிறது, தானே சொல்கிறேன் என்று சொல்லிவிட. சொன்னால் நான் காரிலேயே இருப்பேன். சொல்லாவிட்டால் தலைமைப் பயிற்சியாளர் அறைக்குள் அவரோடு போய், அவர் எதிரிலேயே நான் சொல்வேன். முதுகுக்குப் பின்னால் இல்லை. பிறகு அவர் என்னிடம் பேசுவாரா தெரியாது. காலையில் எழுந்து என்ன செய்வார் என்றும் இன்னும் தெரியாது.

அதற்கு முன் ஷெட் வாசலில் ஃபர்ஹானா நிற்பாள். பின்னைக் கையில் கொடுத்து ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: நீ வாசிக்கிறத நிறுத்துனதால விழலம்மா.

ஜெல் பொட்டலங்களை ஃப்ரீஸரில் வைக்கவில்லை.